ஊக்கு சாரின் பொத்தான்கள்

யாரையுமே நம்பாத மனிதர் இந்த பூமியில் ஒரே ஒருத்தர்தான். அவரோடு நான் நாலு வருஷம் ஒரே ஜீப்பில் போயிருக்கிறேன். அவரைப் போல இன்னொருத்தர் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்பவேண்டாம். அவரும் நம்பமாட்டார்.

அவருக்குப் பெயர் இருந்தது, ஆனால் அது சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம், படப்பை, மணிமங்கலம் வரைக்கும் அவர் ஊக்கு சார். சட்டையில் பொத்தான் இருக்கவேண்டிய இடத்தில் எல்லாம் ஊக்கு குத்தியிருக்கும். மேலிருந்து கீழே ஐந்து. மழைக்காலத்தில் அது துருப்பிடித்து, சட்டையில் வரிசையாக ஐந்து பழுப்புக் கறை விழுந்திருக்கும். நல்ல உத்தியோகம், வீட்டில் பெண்டாட்டி, இருந்தும் இந்தக் கோலம். "பாவம், வீட்ல கவனிக்கறதில்ல போல" என்று எங்கள் அலுவலகத்துப் பெண்கள் உச்சுக் கொட்டுவோம். எல்லாரையும்விட சத்தமாகக் கொட்டியவள் நான்தான்.

எங்களுக்கு வேலை அரசாங்கக் கட்டடங்கள் கட்டுவது. நான் உதவிப் பொறியாளர். கட்டுவது என் பிரிவு. கட்டினது ஒழுங்காக இருக்கிறதா என்று சந்தேகப்படுவது அவருடைய பிரிவு. தரக்கட்டுப்பாடு என்று வாசலில் போர்டு மாட்டியிருக்கும். அந்தப் பிரிவில் மற்றவர்கள் காலை பத்து மணிக்குச் சந்தேகப்பட ஆரம்பித்து சாயந்தரம் ஐந்தே முக்காலுக்கு நிறுத்திவிடுவார்கள். ஊக்கு சாருக்கு நிறுத்தத் தெரியாது.

டீக்கடையில் டீ வந்தால் முதலில் டம்ளரைத் தூக்கி அதன் அடியைப் பார்ப்பார். அடிக் கண்ணாடி கனமாக இருந்தால் டீ குறைச்சலாம். எங்கள் ஹெட் கிளார்க் வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர், பாயசம் குடித்த கையோடு மொபெட் சாவியால் ஹால் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள காலியா கீது. கொத்தனார எதுக்கும் கூப்ட்டு கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஹெட் கிளார்க் ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை. அடுத்த மழையில் அந்தச் சுவர் ஒழுக ஆரம்பித்ததும் இன்னொரு வருஷம் பேசவில்லை.

மணல் லோடு வந்தால் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். லாரிக்காரன் முகம் வெளுத்துக்கொண்டே வரும். துப்பிவிட்டு, "இது எம் சாண்ட் இல்லடா, கிரஷர் தூசி. திருப்பி ஏத்து" என்பார். ஒரு தடவைகூட அவர் நாக்கு தப்பாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

காங்கிரீட் போடும் நாளில் மட்டும் அவர் சாப்பிடமாட்டார். விரதம் இல்லை. இடத்தைவிட்டு நகரமாட்டார், அவ்வளவுதான். காண்ட்ராக்டர்கள் பிரியாணிப் பொட்டலத்தை மூக்குக்கு நேராக நீட்டிப் பார்ப்பார்கள். ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் பாட்டில் தண்ணீரும்தான் அவருக்கு ஆகாரம். ஒரு நாள் நான், "போய் சாப்ட்டு வாங்க சார், நான் இருக்கேன்ல" என்றேன். "காங்கிரீட் போடசொல்ல சாப்பாட்டுக்குப் போனவன், திரும்பி வந்து பாக்கறது வேற கட்டடம் மேடம்" என்றார்.

இங்கே கொஞ்சம் எங்கள் தொழில் ரகசியம் சொல்லியாகவேண்டும். கூரைக்குக் கலக்கிற கலவையிலேயே கொஞ்சம் எடுத்து, அரை அடி அளவுக்கு இரும்பு அச்சில் கொட்டி மூன்று சதுரக் கல் வார்ப்போம். அதற்குப் பெயர் கியூப். மறுநாள் அச்சைப் பிரித்து, அந்தக் கல்லை இருபத்தெட்டு நாள் தண்ணீரில் போட்டு ஊறவைத்து, லேபில் மெஷினுக்குள் வைத்து நசுக்குவார்கள். கல் எவ்வளவு பாரம் தாங்குகிறதோ, கூரையும் அவ்வளவு தாங்கும் என்று கணக்கு. ஏமாற்ற நினைக்கிறவனுக்கு இதில் வழி ரொம்பச் சுலபம். கூரைக்குச் சிமெண்டைக் குறைத்துக்கொள்வான். தன் கொட்டகையில் சிமெண்டை வாரிப்போட்டு தனியாக மூன்று கல் செய்து வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது மாற்றிவிடுவான். கூரை நோஞ்சானாக இருக்கும், கியூப் பயில்வானாக இருக்கும், ஃபைல் சுத்தமாக இருக்கும்.

ஒரு நாள் ஏதோ ஒரு காம்பவுண்டு வேலைக்கான கியூபை நசுக்கும்போது நானும் லேபில் இருந்தேன். மூன்றும் நொறுங்கின. பிரமாதமான பலம். லேப் பையன்கள் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்துவிட்டார்கள். ஊக்கு சார் மட்டும் தரையில் பேப்பரை விரித்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நொறுங்கினதை எல்லாம் சுத்தியலால் இன்னும் நுணுக்கி, அரிசியில் கல் பொறுக்குவதுபோலப் பொறுக்கினார். அரை மணி நேரம். கடைசியில் எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "இது நம்ம கியூப் இல்ல" என்றார்.

"எப்படி சார் சொல்றீங்க?"

"என் பொத்தான் இல்ல மேடம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வார்க்கிற ஒவ்வொரு கியூபுக்குள்ளும், கொத்தனார் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து, தன் சட்டைப் பொத்தானைப் பிய்த்து அழுத்திவிடுவார். நசுக்கினால் பொத்தான் வரவேண்டும். வரவில்லையென்றால் கல் மாறியிருக்கிறது. நாங்கள் எல்லாரும் உச்சுக் கொட்டிய அந்த அம்மா, மாசாமாசம் அட்டை அட்டையாகப் பொத்தான் வாங்கித் தைத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்தக் காம்பவுண்டு காண்ட்ராக்டர் கையும் களவுமாக மாட்டினார், சுவரை இடித்துத் திரும்பக் கட்டினார்.

ஆனால் விஷயம் வெளியே போய்விட்டது. அதற்குக் காரணம் அவர் வீடுதான். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு, "எங்க வூட்டுக்காரு பொத்தான பிச்சி பிச்சி கல்லுல போடறாரு" என்று மனம்விட்டுப் புலம்பியிருக்கிறார். படப்பை முழுக்கத் தெரிந்துவிட்டது. அடுத்த மாசம் இன்னொரு வேலையின் கியூபை நசுக்கினபோது அழகாகப் பொத்தான் வந்து விழுந்தது. காண்ட்ராக்டர் சிரித்தார். ஊக்கு சார் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"என் சட்டைப் பொத்தானுக்கு ரெண்டு ஓட்டை. இதுல நாலு ஓட்டை கீது. யாரு சட்டைடா இது?"

காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். அதுவே வாக்குமூலம் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு அவர் இரண்டு காரியம் செய்தார். முதலாவது, வார்த்த கியூபுக்குப் பக்கத்திலேயே மறுநாள் வரைக்கும் காவல் இருந்து, அச்சைப் பிரித்ததும் மொபெட்டில் கட்டி வீட்டுக்கே கொண்டுபோய், குடிதண்ணீர் பிடிக்கிற நீல டிரம்மில் ஊறப்போட்டார். "குடிக்கத் தண்ணி புடிக்க எடமில்ல, கல்லு குளிக்குது" என்று அக்கா என்னிடம் சொன்னார். இரண்டாவது காரியத்தில்தான் நான் வருகிறேன்.

ஒரகடம் பக்கத்தில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்டிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் கண்டெய்னர் லாரி போகிற ரோட்டோரத்தில் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தன. தலைமையாசிரியை தினமும் போன் செய்து, "எப்ப மேடம் முடியும்?" என்பார். காண்ட்ராக்டர் பெயர் ஏகாம்பரம். கொத்தனாராக இருந்து மேலே வந்தவர், அதுவரைக்கும் எந்த வம்பிலும் மாட்டாதவர். கூரைக் காங்கிரீட் அன்றைக்கு ஊக்கு சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மேடம், பொத்தான் இனிமே வேலைக்கு ஆவாது. நீங்க எதுனா ஒண்ணு உங்க கையால போட்டுடுங்க. இன்னான்னு என்கிட்ட சொல்லாதீங்க."

"உங்ககிட்டயே சொல்லக்கூடாதா சார்?"

"எனக்குத் தெரிஞ்சா அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிஞ்சா படப்பைக்கே தெரியும்."

யாரையும் நம்பாத மனிதர் என்னை நம்பினார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கைப்பையில் உடைந்த பச்சை வளையல் ஒன்று கிடந்தது. மூன்று துண்டாக்கிப் பேப்பரில் சுற்றித் தயாராக வைத்துக்கொண்டேன். அச்சில் கலவையைக் கொட்ட ஆரம்பித்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஏதோ ஒரு படிவத்தை உடனே அனுப்பவேண்டுமாம். கழிப்பறை உள்ளதா, ஆம். குடிநீர் உள்ளதா, ஆம். சாய்தளம் உள்ளதா, ஆம். இல்லாத கட்டடத்துக்கு ஆம் ஆம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, கூரை மேலிருந்து ஊக்கு சார் கேட்டார்.

"போட்டாச்சா மேடம்?"

"போட்டாச்சு சார்."

எங்கள் இலாகாவில் இருபது வருஷம் இருந்தவர்களுக்கு இது புரியும். யார் எதைக் கேட்டாலும் முதலில் "ஆச்சு" வரும், வேலை பிறகு வரும், சிலசமயம் வராமலும் போகும். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கொத்தனார் கியூபின் தலையைத் தேய்த்து மொழுகிவிட்டிருந்தார். சாயந்தரம் பஸ்ஸில் சில்லறை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன். வளையல் பொட்டலம் அப்படியே இருந்தது. மறுநாள் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் வெட்கமாக இருந்தது. இருபத்தெட்டு நாளுக்குள் எனக்கு டிரான்ஸ்பர் வந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். வரவில்லை.

லேபில் மூன்று கியூபும் நொறுங்கின. நல்ல பலம். ஊக்கு சார் பேப்பரை விரித்து உட்கார்ந்து, முதல் தடவையாக உற்சாகமாக என்னைப் பார்த்தார். "இப்ப சொல்லலாம் மேடம். இன்னா போட்டீங்க?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் தன் பாட்டுக்கு, "பச்சை வளையல் துண்டு சார்" என்றது.

ஒரு மணி நேரம் தேடினார். மூன்று கல்லையும் மாவாக்கிவிட்டார். வளையல் இல்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மொபெட் சாவியை எடுத்தார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. சைட்டில் காவல் இருந்தவர் அவர். மொபெட்டில் கொண்டுபோனவர் அவர். ஊறவைத்தது அவர் வீட்டு டிரம்மில். கல் மாறியிருக்கிறது என்றால், அது அவர் வீட்டில்தான் மாறியிருக்கவேண்டும்.

பள்ளிக்கூட வேலையை அன்றைக்கே நிறுத்தினார். ஏகாம்பரம் பதறிக்கொண்டு வந்தார். "இன்னா சார், நம்ம மேல டவுட்டா? புள்ளைங்க படிக்கிற எடம் சார். என் பேத்தியும் அங்கதான் படிக்குது" என்றார். ஊக்கு சார் அவரிடம் கோபப்படவில்லை. "உன் மேல அப்புறம்பா. மொதல்ல என் வூட்டப் பாக்கணும்" என்றார்.

மூன்றாம் நாள் அக்கா என்னைத் தேடி ஆபீஸுக்கு வந்தார். கையில் ஊக்கு சாருடைய டிபன் பாக்ஸ் இருந்தது. திறந்து காட்டினார். வைத்த சோறு வைத்தபடி இருந்தது.

"மூணு நாளா இப்டிதான் மேடம் திரும்பி வருது. வூட்டாண்ட யார்னா வந்தாங்களா, கல்லத் தொட்டாங்களான்னு என்னைக் கேக்கறாரு. நான் டிரம்முல தண்ணி மாத்துனேன், அவ்ளோதான். இருபத்தாறு வருஷமா பொத்தான் தெச்சிக் குடுத்தது நானு. பிச்சிக்கினு போனது அவரு. ஒரு நாளு ஏன்னு கேட்டிருப்பேனா? இப்ப என்னையே அப்டி பாக்கறாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏதோ எழுதிகினு கீறாரு. அவர் மேலயே அவரு கம்ப்ளெயிண்ட் எழுதறாராம். ரிடையர் ஆவ எட்டு மாசம்தான் கீது மேடம். இது இன்னா ஆவும்?"

என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். விசாரணை என்று ஒன்று ஆரம்பித்தால், அது முடிகிறவரை ரிடையர்மெண்ட் உத்தரவு நிற்கும், பென்ஷன் நிற்கும். அதெல்லாம்கூட அப்புறம். வாழ்நாள் முழுக்கத் திருட்டைப் பிடித்த மனிதருடைய வீட்டில் திருட்டு நடந்ததாக ஊர் பேசும். நடக்காத திருட்டு. நான் அக்காவிடம், "நாளைக்கு வீட்டுக்கு வரேங்க்கா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் சனிக்கிழமை. ஊக்கு சார் காலியான நீல டிரம்முக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் நாலு பக்க ரிப்போர்ட், தப்பில்லாத கையெழுத்தில்.

"சார், நான் வளையலைப் போடவே இல்ல."

"இன்னாது?"

"போன்ல பேசிட்டிருந்தேன். போட்டாச்சுன்னு வாய் தவறி சொல்லிட்டேன்."

"லேபுல கேட்டனே மேடம்?"

"அப்பவும் பொய்தான் சார்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து உள்ளே போனார். சமையலறையிலிருந்து குரல் கேட்டது.

"த பாரு, நீ இல்ல."

"அது எனக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியல."

பிறகு தட்டு வைக்கிற சத்தம் கேட்டது. அவர் சாப்பிட்டார். நான் வாசலில் டிரம்மோடு உட்கார்ந்திருந்தேன். மூன்று நாள் பசி, நிதானமாகத்தான் சாப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவர், "கியூப் பொய் சொல்லல, பாத்தீங்களா மேடம்? ஒண்ணும் போடல, ஒண்ணும் வரல" என்றார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். அப்புறம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "எழுத்துல குடுங்க" என்றார்.

எழுதினேன். வாங்கி மூன்று தடவை படித்தார்.

"கவனக்குறைவாலன்னு எழுதியிருக்கீங்க. மொத பொய் கவனக்குறைவு, சரி. ரெண்டாவது?"

இரண்டாவதை அடித்துவிட்டு 'பயத்தால்' என்று எழுதினேன். தலையாட்டினார். தன் நாலு பக்கத்தைக் கிழித்துப் போடவில்லை. அதோடு ஐந்தாவது பக்கம் சேர்த்து, எந்த விதியிலும் இல்லாத ஒரு முறையைத் தன் இஷ்டத்துக்குக் கையாண்டதும், தகுந்த காரணமில்லாமல் வேலையை நிறுத்தியதும், மனைவியைச் சந்தேகப்பட்டதும் தன் தவறு என்று எழுதினார். மனைவி விஷயம் ஆபீஸுக்கு எதற்கு என்று கேட்டேன். "நடந்துச்சில்ல" என்றார்.

இரண்டு பேருக்கும் எச்சரிக்கை மெமோ வந்தது. அவருடைய சர்வீஸிலேயே அதுதான் முதல் மெமோ. ஆபீஸில் எல்லாருக்கும் எடுத்துக் காட்டினார். "ஒரு தப்பு இல்லாம டைப் பண்ணிகிறாங்க" என்றார்.

பள்ளிக்கூடக் கூரையிலேயே ஒரு துண்டைக் குடைந்து எடுத்து சோதித்துப் பார்த்தோம். தங்கமாக இருந்தது. ஏகாம்பரம், "இப்பனா நம்பறீங்களா சார்?" என்று கேட்டார். "இந்தக் கூரைய நம்பறேன்" என்றார் ஊக்கு சார். பிள்ளைகள் மூன்று வாரம் தாமதமாகக் குடிவந்தன. அந்த மூன்று வாரமும் என் கணக்கில்தான். தலைமையாசிரியையிடம் அதையும் சொன்னேன். அவர் ஒரு டம்ளர் மோர் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் ஊக்கு சார் என்னோடு ஜீப்பில் வந்தார், பேசினார், பிஸ்கட்டில் பாதி கொடுத்தார். ஆனால் கியூப் பக்கம் என்னைக் கூப்பிடவில்லை. அரக்கு, மிளகு, பேரனின் உடைந்த கிரேயான் என்று அவரே ஏதேதோ போட்டுக்கொண்டார். சட்டை மட்டும் ஊக்கிலேயே நின்றுவிட்டது. "பழகிப்போச்சு, காத்து நல்லா வருது" என்பார். என்னை ஏன் கியூப் பக்கம் கூப்பிடுவதில்லை என்று கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

அவர் ரிடையர் ஆக ஒரு மாசம் இருக்கும்போது, அதே பள்ளிக்குச் சத்துணவுக் கூடம் கட்டினோம். அதே ஏகாம்பரம். கூரைக் காங்கிரீட். பன்னிரண்டரை மணி இருக்கும். மூன்று இரும்பு அச்சையும் எண்ணெய் தடவி வரிசையாக வைத்திருந்தார்கள். ஊக்கு சார் வாட்சைப் பார்த்தார்.

"மேடம், கியூப நீங்க போட்டுடுங்க. நான் போய் சாப்ட்டு வந்துடறேன்."

சைட்டில் ஒருத்தரும் அசையவில்லை. ஏகாம்பரம் கிட்டே ஓடிவந்து, "சார், ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஊக்கு சார் மொபெட்டை உதைத்து, ஒரகடம் கூட்டு ரோடு பக்கமாகப் போய்விட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் கையில் போட்டிருந்த வளையலையே கழற்றி உடைத்தேன். மூன்று கியூபிலும் மணிக்கட்டு வரைக்கும் கையை விட்டு ஒவ்வொரு துண்டாக அழுத்தினேன். நடுவில் இரண்டு தடவை போன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். "போட்டாச்சா?" என்று கேட்பார், இந்தத் தடவை நிமிர்ந்து நின்று சொல்லலாம் என்று பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்கவில்லை. கியூபைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு, ஊக்குகளைச் சரிசெய்துகொண்டார்.

"ரசம் நல்லா இருந்துச்சு. நீங்க போய் சாப்ட்டு வாங்க மேடம்" என்றார்.